சேத்துல இறங்குன எல்லாரும் விவசாயிதான்!



டெல்டாவுல ஒரு வயலைப் பாருங்க. பட்டா ஒருத்தர் பேர்ல. சாகுபடி பண்றது குத்தகைக்காரர். நாத்து நடுறதும் களை எடுக்குறதும் கூலிக்கு வர்ற நம்ம அம்மா, அக்காமார். ஒரு மூட்டை நெல்லுக்குப் பின்னாடி ஊரே நிக்குது.

ஆனா பி.எம். கிசான்ல வருஷத்துக்கு 6,000 ரூபாய் யாருக்கு? நிலம் சொந்தமா இருக்குற குடும்பத்துக்கு மட்டும். அவங்களுக்குக் கிடைக்கட்டும், சந்தோஷம்.

மழையில பயிர் மூழ்குனா குத்தகைக்காரருக்குப் போட்ட முதல் போச்சு. கூலிக்காரருக்கு அறுப்பு வேலை போச்சு. நஷ்டத்துல பங்கு உண்டு, உதவியில ஏன் இல்ல?

வர்ற கிராம சபையில இதைக் கேளுங்க. தீர்மானமாப் பதிவு பண்ண வைங்க.

நிலமற்றவரும் விவசாயியே! உரக்கச் சொல்வோம்!