சீனத்து மழையில் கண்ட தமிழ்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பயண அனுபவம் ஒன்றைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவன். இரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆராய்ச்சி அறியேன், கண்டதைக் கண்டவாறு சொல்வேன்.

என் மைத்துனர் சீன நாட்டின் சியாமென் துறைமுகத்தில் வேலை பார்த்துவந்தார். அவர் செலவில், 2019 ஜூன் மாதம், நானும் மனைவியும் மகளும் அங்குச் சென்றோம். ஒருநாள் சுவான்சௌ என்னும் பழம்பதியைக் காணப் புறப்பட்டோம். விரைவு இரயிலில் ஏறக்குறைய அரைமணிப் பயணம். இறங்கும்போதே மழை. பிளம் பழம் பழுக்கும் காலத்து மழை என்று அந்நாட்டார் அதனைக் கூறுவர். நம் ஆனைகட்டியில் மேற்கு மலைகள் மழையைத் தாம் வாங்கிக்கொண்டு நமக்குச் சாரலை அனுப்பும். அங்கோ நாள் முழுதும் விடாத மழை.

முற்காலத்தில் அவ்வூருக்கு முள்முருங்கை நகரம் என்று பெயர். நம் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏற்றுகிறோமே, அதே முள்முருங்கைதான்! மார்க்கோ போலோ வியந்து போற்றிய சைத்தூன் துறைமுகமும் அதுவே. அராபியர், பாரசீகர், தமிழர் ஆகிய பல நாட்டு வணிகர் அங்கே வாழ்ந்தனர்.

முதலில் 686ஆம் ஆண்டில் தோன்றிய காய்யுவான் பௌத்தக் கோயிலுக்குச் சென்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பிய இரு கற்கோபுரங்கள் மழைத்திரைக்குள் நின்றன. நூறு தூண் மண்டபம் எனப்படும் பெருங்கூடத்தின் பின்புறத்தில் ஒதுங்கினோம். அங்கே இரண்டு கல்தூண்களைக் கண்டு என் மனைவி கைகூப்பிவிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணன், நரசிம்மர்! இடிந்துபோன கோயிலின் கற்களைப் பிற்காலத்தார் எடுத்து, மண்டபத்தைப் புதுப்பித்தபோது சேர்த்தனராம். அவ்வளாகத்திலேயே, 1974ஆம் ஆண்டு கடற்சேற்றிலிருந்து தோண்டியெடுத்த பழைய மரக்கலமும் உள்ளது. அதில் நறுமண மரங்களோடு மிளகும் இருந்தது.

பின்னர்க் கடல்வாணிப அருங்காட்சியகம் புகுந்தோம். யானையொன்று சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் அங்கே உளது. ஆனைகட்டியிலிருந்து சென்ற எங்களை ஆனையே வரவேற்றது! அடுத்து நாங்கள் கண்டது தமிழ்க் கல்வெட்டு. சகாப்தம் 1203, அதாவது 1281ஆம் ஆண்டு, சித்திரை மாதம், சம்பந்தப் பெருமாள் என்பார் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்த செய்தி அது. அந்நாட்டை ஆண்ட கானின் திருமேனி நலம் பெறவே அவ்வாறு செய்தாராம். தமிழின் கீழே சீன எழுத்தும் ஒரு வரி உண்டு. அன்று ஆண்டவர் குப்ளாய் கான்.

பெருமிதத்தால் என் நெஞ்சு விம்மியது. அப்பொழுது என் மகள், "அப்பா, இது என்ன எழுத்து?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் மலையாளம் படிப்பாள். அது பழைய எழுத்து; நானே தட்டுத் தடுமாறிச் சில சொற்களைத்தான் கூட்டினேன். ஆனால் அவள் அதைத் தமிழ் என்றே அறியவில்லை. அச்சிட்ட தமிழையும் அன்று அவளால் படிக்க இயலாது. பிழை அவளுடையதன்று, என்னுடையது.

பெரியோர்களே! அந்நகரத் தமிழர் என்ன ஆனார்கள்? 1357 முதல் 1366 வரை அங்குப் பெருங்கலகம் நடந்தது. அயல்நாட்டார் அழிந்தும் சிதறியும் போயினர். கோயில் போயிற்று, கற்கள் பிறர் சுவர்களிலும் மண்ணிலும் புகுந்தன. ஊ வென்லியாங் என்னும் உள்ளூர்ப் பள்ளியாசிரியர் பல்லாண்டு அலைந்து அக்கற்களைச் சேகரித்து, 1957ஆம் ஆண்டு அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். அருகிலுள்ள சேதியான் என்னும் சிற்றூர் மக்கள், நம் நாட்டுச் சாயலுடைய ஒரு பெண் தெய்வச் சிலையைத் தங்கள் குவான்யின் அன்னையாக இன்றும் வணங்குகின்றனர். கல்லைச் சீனர் காத்துக் கொடுத்தனர். அவர்களுக்கு என்றும் நன்றியுடையோம். ஆனால் அதைப் படிக்கும் நாவை வேறு யார் காத்துக் கொடுப்பார்? அது வீட்டார் கடமையன்றோ?

நமக்கு இங்கே கலகமும் இல்லை, பகையும் இல்லை. நம்மை ஏற்ற மண் இது. நம் பிள்ளைகள் மலையாளத்தை நன்றாகவே கற்கட்டும். சம்பந்தப் பெருமாளும் புகுந்த நாட்டை வாழ்த்தினார். அந்நாட்டு எழுத்தையும் தம் கல்லில் இடம்பெறச் செய்தார். ஆயினும் தமிழை விடவில்லை. அந்த வழியே நம் வழியாகுக.

அந்நகரம் 2021ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அச்செய்தியை நாளிதழில் எனக்குப் படித்துக் காட்டியவள் என் மகள். ஊர் திரும்பியது முதல் இரவுதோறும் கால்மணி நேரம், பழைய நாளிதழை வைத்தே படித்தோம். வேறு செலவு ஒன்றுமில்லை.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சென்ற மாதம் வந்தவர் மூன்றே பிள்ளைகள். குடியிருப்பில் எத்தனை வீடுகள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். விடுமுறை கிடைக்கும் ஞாயிறுதோறும் நான் பலகையும் சுண்ணக்கட்டியுமாகக் காத்திருப்பேன். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.