கறுப்பினத் தாய்மாரும் அமெரிக்க வைத்தியமும்



செல்வத்திலும் வைத்திய சாஸ்திரத்திலும் முதன்மை கொண்டாடும் அமெரிக்காவில், 2023ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு வெள்ளைத் தாய்மார் 14.5 வீதமும் கறுப்பினத் தாய்மார் 50.3 வீதமும் மாண்டார்கள் என்பது அந்நாட்டு அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. இதற்கு வறுமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம்; சொல்பவருக்கு அதில் ஒரு நிம்மதியும் உண்டு, ஏனெனில் வறுமைக்காக எந்த ஆஸ்பத்திரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பின மாதர், உயர்நிலைப் பள்ளியையும் முடிக்காத வெள்ளை மாதரைக் காட்டிலும் அதிகமாக மாண்டுபோகிறார்களே!

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் அம்மையாருக்குச் செல்வம் குறைவா, கீர்த்தி குறைவா? 2017இல் மகளைப் பெற்ற மறுநாள் மூச்சுத் திணறியபோது, முன்னமே நுரையீரலில் இரத்தம் உறைந்து துன்புற்றவராதலால் நேர்ந்தது இன்னதென்று உணர்ந்து, ஸ்கேன் எடுக்கும்படியும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுக்கும்படியும் அவர் கேட்க, வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று தாதி எண்ணினாராம். முதலில் கால்களைச் சோதித்துவிட்டு, பிறகே நுரையீரலைப் பார்த்து இரத்தக் கட்டிகளைக் கண்டார்கள்.

இந்த அலட்சியம் நேற்று முளைத்ததன்று. 1840களில் அலபாமா மாகாணத்து மான்ட்கோமரியில், அனார்க்கா, லூசி, பெட்ஸி முதலிய அடிமைப் பெண்களின் தேகத்தில் மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்பச் சஸ்திர சிகிச்சை செய்து பழகிய மரியன் சிம்ஸ் என்பவரைத்தான் ஸ்திரீ வைத்தியத்தின் தந்தை என்று போற்றினார்கள். நியூயார்க் நகரப் பூங்காவில் நின்ற அவருடைய சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது.

ஆகவே வைத்தியருடைய நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாதென்பது என் அபிப்பிராயம். கலிபோர்னியாவில், பிரசவத்தின்போது பெருகும் இரத்தத்தைக் கண்மதிப்பாகச் சொல்லாமல் நிறுத்தே அறிய வேண்டும், மருந்தும் கருவியும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் ஒரு காரணமாக, 2006க்கும் 2013க்கும் இடையே தாய் மரணம் பாதிக்குமேல் குறைந்தது. இரத்தப் பெருக்கால் விளையும் கொடிய தீங்கில் இரு இனத்தாருக்கும் இடையே இருந்த வித்தியாசமும் சுருங்கிற்று. ஆயினும் மரணக் கணக்கில் அந்த வித்தியாசம் அங்கும் மறையவில்லை. இரத்தத்தை நிறுக்கலாம், தலைவலியையும் நெஞ்சு வலியையும் எதில் வைத்து நிறுப்பது? அவற்றைத் தாய் சொல்லத்தான் வேண்டும், பிறர் கேட்கத்தான் வேண்டும். அதற்காகவே டூலா என்னும் பிரசவத் துணைப் பெண்கள் அவள் பக்கத்தில் நின்று அவளுக்காகப் பேசுகிறார்கள். ஏழைகளுக்குரிய மெடிக்கெய்டு நிதியிலிருந்து அவர்களுக்கு ஊதியம் அளிக்கவும் மாகாணங்கள் பல முன்வந்துள்ளன.

ஆபத்து பிரசவத்தோடு முடிந்துவிடுவதுமில்லை: கர்ப்ப சம்பந்தமான மரணங்களில் பாதிக்குமேல் குழந்தை பிறந்து ஒரு வாரம் கழிந்த பின்னர், ஓராண்டுக்குள் நிகழ்கின்றன. அப்படியிருந்தும், பிரசவத்தை முன்னிட்டுக் கிடைத்த மெடிக்கெய்டு உதவியை அறுபது நாளோடு நிறுத்திவிடுவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமதியால், பெரும்பாலான மாகாணங்கள் இப்போது அதனைப் பன்னிரண்டு மாதமாக நீட்டியிருக்கின்றன.