அம்பாசடருக்கு எத்தனை ஆம்பியர் வேணும்?

பழைய வண்டி வச்சிருக்கிற பலரும் என்கிட்ட கேக்கற கேள்வி: "டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போடணும், எதை வாங்கலாம்?" பதிலுக்கு முன்னாடி, நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன்.

எங்க அப்பாவோட அம்பாசடர்ல இருந்தது 22 ஆம்பியர் டைனமோ. ராத்திரி சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்கிடும். ஐடிலிங்ல டைனமோ கிட்டத்தட்ட ஒண்ணும் தராது, அதுதான் காரணம். நான் கடையில இருந்ததிலேயே பெரிசா, 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வாங்கி மாட்டினேன். வயரை மாத்தலை. ஒருநாள் பேட்டரி இறங்கிப்போச்சு. வேற பேட்டரியில கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பினோம். கொஞ்ச தூரத்துல டேஷ்போர்டுக்குக் கீழே புகை. பக்கத்துல அப்பா.

என்ன நடந்தது? ஆல்டர்னேட்டர் தானா 90 ஆம்பியரைத் தள்ளாது. கேக்கற அளவுதான் கொடுக்கும். ஆனா காலியான பேட்டரி நிறைய கேக்கும். 22 ஆம்பியருக்குப் போட்ட வயர் அதைத் தாங்கலை.

அதனால முதல்ல கணக்குப் போடுங்க. 60 வாட் ஹெட்லைட் ரெண்டு, 120 வாட். 12 வோல்ட்டால வகுத்தா 10 ஆம்பியர். இக்னிஷன் ஏறக்குறைய 4, வைப்பர் 3 அல்லது 4, மத்த விளக்குகளுக்கு 3. மொத்தம் இருபத்திச் சொச்சம். பேட்டரி சார்ஜ் ஆகவும் மிச்சம் வேணும். ஏசி இல்லாத வண்டிக்கு 35லேருந்து 45 ஆம்பியர் தாராளம்.

கடைக்காரர்கிட்ட ஐடிலிங்ல எவ்வளவு தரும்னு கேளுங்க. உச்ச அளவை விட அதுதான் முக்கியம். பழைய மெலிசான ஃபேன் பெல்ட் பெரிய ஆல்டர்னேட்டரை இழுக்காம வழுக்கும்; அதையும் பாருங்க.

பேட்டரியோட எந்த முனை பாடியில எர்த் ஆகியிருக்குன்னு கட்டாயம் பாருங்க. பழைய சில வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த். அதை மாத்தாம சாதாரண ஆல்டர்னேட்டரை மாட்டினா டையோடு உடனே போயிடும். பழைய கட்அவுட் பாக்ஸும் இனி சார்ஜிங் லைன்ல இருக்கக் கூடாது. ஆல்டர்னேட்டர்லேருந்து பேட்டரிக்குத் தடிமனான புது வயர், நடுவுல ஃப்யூஸ்.

இப்போ எங்க வண்டியில ஓடறது 45 ஆம்பியர். சிக்னல்ல விளக்கு மங்கறதில்லை. அப்பா மட்டும் இன்னமும் ஏறினதும் ஒரு தடவை மோந்து பார்க்கறார்.