கைப்பேசியும் காலக்கெடுவும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், அதைச் செய்தவருக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் அற்றுவிடுகிறது. குடத்தை விற்ற குயவர் மறுநாள் வந்து அதன் வாயை அகலமாக்கித் தருவதில்லை. நாற்காலி செய்த தச்சர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து புதிய கால் பொருத்துவதில்லை. நெடுங்காலமாக வாணிகத்தின் இயல்பு இதுவே. ஆனால் இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி இவ்வியல்புக்கு மாறானது. விற்ற பிறகும் அது தன்னைச் செய்தவரின் கையை எதிர்பார்த்தே வாழ்கிறது. அந்தக் கை உரிய காலத்தில் நீளாவிட்டால் என்ன ஆகும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கைப்பேசியை இயக்குவது அதனுள் இருக்கும் மென்பொருள். பல லட்சம் வரிகளால் ஆன கட்டளைத் தொகுதி அது. மனிதர் எழுதியதாதலால் அதில் பிழைகள் இருக்கும். எவ்வளவு சோதித்தாலும் சில பிழைகள் விற்பனைக்குப் பிறகே வெளிப்படும். அவற்றைத் திருத்தி, கைப்பேசி வைத்திருப்போர்க்கெல்லாம் இணையத்தின் வழியே அனுப்புகிறார்கள். இதனையே 'அப்டேட்' என்றும் 'புதுப்பிப்பு' என்றும் கூறுகிறோம். இது இருவகைப்படும். ஒன்று புதிய வசதிகளைத் தருவது. மற்றொன்று பாதுகாப்பில் ஏற்பட்ட ஓட்டையை அடைப்பது. முன்னது தாமதமானால் ஏமாற்றம். பின்னது தாமதமானால் ஆபத்து.

அந்த ஆபத்து எத்தகையது என்பதை 2015-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக்கொண்டு விளக்கலாம். ஆண்டிராய்டு கைப்பேசிகளில் படத்தையும் ஒலியையும் கையாளும் ஒரு பகுதிக்கு ஸ்டேஜ்ஃபிரைட் என்று பெயர். அதில் கொடிய பிழைகள் உள்ளன என்று ஜோஷுவா டிரேக் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் கண்டார். தீய எண்ணம் கொண்ட ஒருவன் ஒரு படச் செய்தியை அனுப்பினாலே போதும். அதைப் பெற்றவர் திறந்து பார்க்காமல் இருக்கும்போதே கைப்பேசிக்குள் புகுந்துவிட வழி இருந்தது. 2015 ஏப்ரலில் அவர் இதைக் கூகுள் நிறுவனத்துக்குத் தெரிவித்தார். திருத்தங்களையும் சேர்த்தே அனுப்பினார். 48 மணி நேரத்துக்குள் கூகுள் அவற்றை ஏற்றுத் தன் மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஜூலைத் திங்கள் இறுதியில் செய்தி உலகறிய வெளியானபோது, ஏறத்தாழ 95 கோடிக் கருவிகள் இந்த ஆபத்துக்கு உட்பட்டவை என்று கணக்கிடப்பட்டது. மருந்து ஏப்ரலிலேயே ஆயத்தமாகிவிட்டது. ஜூலை வந்தும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் அதைக் கண்ணாலும் காணவில்லை.

இரண்டு நாளில் ஆயத்தமான மருந்து மூன்று மாதமாகியும் வந்து சேராதது ஏன்? இடையில் கடக்கவேண்டிய வாயில்கள் பல என்பதே விடை. முதலில் கூகுள் மென்பொருளை வெளியிடும். அடுத்து, கைப்பேசியின் மூளையாகிய சில்லைச் செய்பவர் அதற்கேற்பத் தம் பகுதியைத் திருத்தவேண்டும். பின்னர் கைப்பேசி தயாரிப்பாளர், தாம் மேலே சேர்த்துள்ள அலங்காரங்களையும் செயலிகளையும் அதனோடு பொருத்தவேண்டும். அதன்பின், அமெரிக்கா போன்ற நாடுகளில், தொலைபேசிச் சேவை நிறுவனம் தன் வலையமைப்பில் அதைச் சோதித்து ஒப்புதல் தரவேண்டும். ஒரு வாயில் சாத்தியிருந்தாலும் பயணம் நின்றுவிடும்.

சேவை நிறுவனத்துக்கு இதில் என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் அக்காலத்தில் மக்கள் பெரும்பாலும் சேவை நிறுவனத்திடமே கைப்பேசியை வாங்கினர். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆகவே, கைப்பேசிக்குள் எது செல்லலாம் என்று சொல்லும் அதிகாரத்தையும் அந்நிறுவனங்கள் வைத்துக்கொண்டன. கேலக்ஸி நெக்சஸ் என்ற கைப்பேசியின் கதை இதற்குச் சான்று. கூகுளின் மேற்பார்வையில் சாம்சங் செய்தது அது. ஆண்டிராய்டு 4.1 என்னும் பதிப்பு, சேவை நிறுவனத்தின் கட்டு இல்லாத கேலக்ஸி நெக்சஸுக்கு 2012 ஜூலையில் வந்தது. வெரைசன் நிறுவனத்தின் வழியே வாங்கியவர்களோ செப்டம்பர் வரை காத்திருந்தனர். பெயர் ஒன்று; செய்தவர் ஒருவர்; வாயில் மட்டும் ஒன்று கூடுதல்.

இவ்வாறு வாயில்தோறும் நின்று சென்றதன் விளைவைக் கேளுங்கள். ஆண்டிராய்டு 4.0 என்ற பதிப்பு 2011 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2012 ஜூன் தொடக்கத்தில், பயன்பாட்டில் இருந்த ஆண்டிராய்டு கருவிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 மட்டுமே அதைப் பெற்றிருந்தன. அதே ஜூன் மாத இறுதியிலேயே அடுத்த பதிப்பாகிய 4.1 அறிவிக்கப்பட்டுவிட்டது. முதற்பந்தியில் இலை போடுமுன்னரே இரண்டாம் பந்திக்கு அழைப்பு வந்த கதைதான்.

இங்கே மறுபக்கத்தையும் நாம் நடுநிலையோடு நோக்கவேண்டும். சோதனை வீண் வேலை அன்று. பிழையான புதுப்பிப்பு ஒன்று ஆயிரக்கணக்கான கைப்பேசிகளை ஒரே நாளில் ஊமையாக்கிவிடும். ஆப்பிள் நிறுவனம் 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் ஐ.ஓ.எஸ். 8.0.1 என்ற புதுப்பிப்பை வெளியிட்டது. அதை ஏற்ற ஐபோன் 6 வகைக் கைப்பேசிகள் பலவற்றில் தொலைபேசித் தொடர்பே அறுந்துபோயிற்று. அவசர உதவிக்குக்கூட அழைக்க இயலாத கருவியை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வர்? எனவே, சோதித்தே அனுப்புவோம் என்று சேவை நிறுவனங்கள் கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்நிகழ்ச்சியின் பிற்பகுதியையும் சொல்லவேண்டும். ஆப்பிள் அப்புதுப்பிப்பை அன்றே திரும்பப் பெற்றது, மறுநாளே 8.0.2 என்ற திருத்தத்தை வெளியிட்டது. மென்பொருளைச் செய்பவரும் கருவியைச் செய்பவரும் அனுப்புபவரும் அங்கே ஒருவரே. கெடுத்ததும் ஒரு கை. ஒரே நாளில் திருத்தியதும் அதே கை. பொறுப்பு ஓரிடத்தில் இருந்தால் தவறும் விரைவில் திருந்தும் என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

பல கைகளில் பிரிந்த பொறுப்புக்கு மற்றொரு குறையும் உண்டு. கைப்பேசி விற்ற அன்றே தயாரிப்பாளருக்குப் பணம் வந்துவிடுகிறது. பழைய கைப்பேசிக்குப் புதுப்பிப்புச் செய்யப் பொறியாளர் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். அதனால் வரும் வரவோ ஒன்றுமில்லை. பழையது பழையதாகவே நின்றால், வாங்கியவர் அலுத்துப்போய்ப் புதியதை வாங்கவும் கூடும். இதில் எவரும் தீயவராக இருக்கத் தேவையில்லை. திருத்தும் ஆற்றல் உடையவருக்குத் திருத்துவதால் ஊதியம் இல்லை. திருத்தம் வேண்டுவோர்க்குத் திருத்தும் ஆற்றல் இல்லை. இந்த ஏற்பாடே தாமதத்தை விளைவிக்கிறது.

என் கைப்பேசி ஒன்றுக்கு இரண்டாம் ஆண்டிலேயே பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோயிற்று. கடைக்காரரைக் கேட்டேன், நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார். நிறுவனத்துக்கு எழுதினேன். பணிவான மறுமொழி வந்தது: 'விரைவில் வரும்.' மூன்று திங்கள் கழித்து மீண்டும் எழுதினேன். அப்போதும் 'விரைவில்' என்றே மறுமொழி. அதன் பின்னரும் எதுவும் வரவில்லை. 'வராது' என்று சொல்லியிருந்தால் நான் வேறு வழி தேடியிருப்பேன். 'விரைவில்' என்ற சொல் மறுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. அதைச் சொன்னவரை எந்த நாளிலும் பொய்யர் என்று கூற முடியாது. ஏனெனில் அச்சொல்லுக்கு நாள் கிடையாது.

நாள் குறிப்பிடாத வாக்குறுதி எப்படி முடியும் என்பதற்குப் பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. 2011 மே மாதத்தில் கூகுளும், முன்னணித் தயாரிப்பாளர்களும், சேவை நிறுவனங்களும் ஒன்றுகூடி ஓர் அறிவிப்புச் செய்தனர். புதிய கைப்பேசி வெளிவந்த நாள் முதல் 18 மாதங்களுக்கு, கருவி இடங்கொடுக்கும் வரையில், புதிய பதிப்புகளைத் தருவோம் என்பதே அது. கேட்டவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் கூகுள் வெளியிட்ட பின் எத்தனை நாளுக்குள் தருவர் என்று அதில் இல்லை. தராவிட்டால் என்ன என்பதும் இல்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே, 2010-இல் வெளிவந்து பெரிதும் விற்ற கேலக்ஸி எஸ் கைப்பேசிக்கு 4.0 பதிப்பு வராது என்று சாம்சங் கூறிவிட்டது. தன் சொந்த மென்பொருளையும் சேர்த்தால் நினைவகம் போதாது என்பது காரணம். அந்தக் கூட்டணியைப் பற்றிய பேச்சும் நாளடைவில் ஓய்ந்தது.

பிறகு நிலைமை மாறியது எவ்வாறு? 2013 ஏப்ரலில் அமெரிக்கக் குடிமை உரிமைச் சங்கம், பாதுகாப்புத் திருத்தம் பெறாத கைப்பேசிகளை விற்பதாக நான்கு பெரிய சேவை நிறுவனங்கள்மீது அந்நாட்டு வாணிக ஆணையத்தில் முறையிட்டது. ஸ்டேஜ்ஃபிரைட் அதிர்ச்சிக்குப் பிறகு, 2015 ஆகஸ்டில் கூகுளும் சாம்சங்கும் மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தருவதாக அறிவித்தன. 2017-இல் கூகுள் 'பிராஜெக்ட் டிரெபிள்' என்ற திட்டத்தால், சில்லைச் சார்ந்த பகுதியை மற்ற மென்பொருளிலிருந்து பிரித்துவைத்தது. கூரையை மாற்றுவதற்கு அடித்தளத்தைத் தோண்டவேண்டிய தொல்லை அதனால் குறைந்தது.

இவை எல்லாவற்றினும் சிறந்தது, காலக்கெடு சட்டத்தில் ஏறியதே ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி ஒன்று 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் புதுப்பிப்புக் கிடைக்கச் செய்தல் வேண்டும். மூல மென்பொருளின் திருத்தம் வெளியானபின், பாதுகாப்புப் புதுப்பிப்பு 4 மாதத்துக்குள்ளும் வசதிப் புதுப்பிப்பு 6 மாதத்துக்குள்ளும் வந்து சேர்தல் வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. 'விரைவில்' என்ற சொல்லுக்கு அங்கே அளவு பிறந்துவிட்டது. இதற்கு முன்னரே, 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்குக் கூகுளும், 2024 ஜனவரியில் அறிவித்த கேலக்ஸி எஸ் 24-க்குச் சாம்சங்கும் 7 ஆண்டு வாக்குறுதி அளித்திருந்தன. ஒரு காலத்தில் 18 மாதமே அரிதென்று கூறப்பட்டது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

மாணவ நண்பர்களே, ஐரோப்பிய விதி நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. நாம் கைப்பேசியைப் பெரும்பாலும் கடையில் வாங்கி, விரும்பிய சிம் அட்டையைப் போட்டுக்கொள்வதால், சேவை நிறுவனத்தின் வாயில் நமக்கு அவ்வளவாகத் தடையன்று. மற்ற வாயில்கள் இங்கும் உண்டு. ஏழு ஆண்டு வாக்குறுதி விலையுயர்ந்த கைப்பேசிகளுக்கே முதலில் வந்தது. நம் வீடுகளில் அண்ணன் பயன்படுத்திய கைப்பேசி தம்பிக்கும், மகன் மாற்றிய கைப்பேசி தாய்க்கும் போகிறது. அந்தப் பழைய கருவியிலேதான் வங்கிப் பணமும், கல்லூரி விண்ணப்பமும், குடும்பப் படங்களும் இருக்கின்றன. ஆகவே, புதுப்பிப்பு நின்றுபோவதன் சுமை, புதியது வாங்கும் வசதி இல்லாதவர் தலையிலேயே மிகுதியாக விழுகிறது.

எனவே, அடுத்த முறை நீங்களோ உங்கள் வீட்டாரோ கைப்பேசி வாங்கச் செல்லும்போது, விலையையும் கேமராவையும் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். 'இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு, எந்த மாதம் வரை வரும்?' என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வந்த புதுப்பிப்பை, நாளை என்று தள்ளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பல வாயில்களைக் கடந்து வந்ததை நம் வீட்டு வாயிலில் நிறுத்திவைப்பது முறையன்று. கேட்பவர் பலரானால் கடைக்காரர் நிறுவனத்தைக் கேட்பார். நிறுவனம் விடை எழுதிவைக்கும். எழுதிவைத்த நாளைக் கொண்டே நாம் உரிமையோடு கேட்க இயலும்.