ஆம்பளை சேலை கட்டினால் ஏன் சிரிக்கிறோம்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

சேமிப்பு, கடன் பற்றியெல்லாம் மற்றவங்க நல்லாப் பேசிட்டாங்க. நான் வேற ஒரு விஷயம் பேசப் போறேன். பத்தாவது வரைக்கும் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

போன தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். திரும்பின பக்கமெல்லாம் வேஷம். ஆம்பளைங்க காளி வேஷம், குறத்தி வேஷம் போட்டு, சேலை கட்டி, பூ வச்சு, வளையல் மாட்டிக் காணிக்கை எடுத்துக்கிட்டு வர்றாங்க. என் மகள் கேட்டாள்: "ஏம்மா அந்த அண்ணன் சேலை கட்டியிருக்காங்க?" "நேர்த்திக்கடன்மா"ன்னு சொல்லி முடிச்சிட்டேன். ஆனால் மதுரை வந்து சேருகிற வரைக்கும் அந்தக் கேள்வி என்னை விடல.

யோசிச்சுப் பார்த்தால், ஆம்பளை சேலை கட்டுறதுக்குக் காரணம் ஒண்ணு இல்லை, பல.

ஒண்ணு, வேண்டுதல். நோய் தீரணும், பிள்ளை பிறக்கணும், வேலை கிடைக்கணும்னு அம்மனுக்கு நேர்ந்துகிட்டு, மாலை போட்டு விரதம் இருந்து வேஷம் கட்டுறாங்க. எடுத்த காணிக்கையைக் கோயிலில் செலுத்துறாங்க. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரை மாசம் அரவானுக்காகத் திருநங்கைகள் தாலி கட்டிக்கிறாங்க. அங்கே வேண்டுதலுக்காகச் சாதாரண ஆம்பளைகளும் தாலி கட்டிக்கிறது உண்டு.

இரண்டாவது, நாடகம். நம்ம ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடாத வருஷம் இருக்கா? அந்த நாடகங்களை நமக்குத் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பையன்களை மட்டும் வச்சு ஒரு நாடக சபை தொடங்கினார். அந்தக் காலத்தில் வீட்டுப் பொண்ணுங்களை மேடைக்கு அனுப்ப மாட்டாங்க. அதனால் வள்ளியும் பையன்தான், சீதையும் பையன்தான். அதுக்கு ஸ்திரீ பார்ட்டுன்னு பேர். சிவாஜி கணேசனும் சின்ன வயசில் அப்படிப் பெண் வேஷம் கட்டினவர்தான். டி.கே. சண்முகம் ஔவையார் கிழவியா நடிச்சு, அந்தப் பேரே ஒட்டிக்கிட்டு ஔவை சண்முகம் ஆனார்.

இவ்வளவு ஏன், நம்ம அழகரே ஆத்துல இறங்கின பிறகு ராமராயர் மண்டபத்தில் ஒரு ராத்திரி தசாவதாரம் காட்டும்போது மோகினி வேஷம் போடுறார். நாம விடிய விடிய கண்முழிச்சுக் கும்பிடுறோம். யாராவது சிரிச்சோமா?

மூணாவது, உடம்பு ஆணாகப் பிறந்தாலும் மனசு பெண்ணாகவே இருக்கிறவங்க. இவங்க திருநங்கைகள். இவங்களுக்குச் சேலை வேஷம் இல்லை. ஆம்பளைச் சட்டை போட்டிருந்ததுதான் வேஷம். நம்ம மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் சின்ன வயசில் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. வீட்டை விட்டு வந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளைகிட்ட நாட்டியம் படிச்சு, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினாங்க.

நாலாவது, திருநங்கையும் இல்லை, வேண்டுதலும் இல்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டியோடு இருக்கிற ஆம்பளையாகவே இருப்பாங்க. ஆனால் எப்பவாவது சேலை கட்டிக்கிட்டா மனசுக்கு ஒரு நிம்மதி. அப்படிப்பட்டவங்களும் எல்லா நாட்டிலும் இருக்காங்க. இது பேய் பிடிச்சதும் இல்லை, நோயும் இல்லை.

இப்ப நான் உங்களை ஒண்ணு கேட்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகும்போது, களை எடுக்கும்போது சேலைக்கு மேலே என்ன போடுறோம்? வீட்டுக்காரர் சட்டையைத்தானே? யாராவது "ஏண்டி ஆம்பளைச் சட்டை போட்ட?"ன்னு கேட்டாங்களா? ஆனால் ஒரு ஆம்பளை சேலையைத் தொட்டா ஊரே கூடிச் சிரிக்குது. சண்டை வந்தா "நீயெல்லாம் ஆம்பளையா, போய்ச் சேலை கட்டிக்க"ன்னு திட்டுறாங்க. அதை நாமளும் சொல்றோம். பெண்ணு ஆம்பளை உடுப்பு போட்டா குறையில்லை, ஆம்பளை பெண் உடுப்பு போட்டா கேவலம்னா என்ன அர்த்தம்? பெண்ணா இருக்கிறதே கேவலம்னுதானே? அப்ப தினமும் அதைக் கட்டுற நாம யாரு?

இதை நான் சும்மா பேசல. எங்க சின்னம்மா மகன், எனக்கு ரெண்டு வயசு இளையவன். பதிமூணு வயசில் ஒருநாள் சின்னம்மாவோட ஊதாச் சேலையைக் கட்டிக் கண்ணாடி முன்னாடி நின்னான். பார்த்தது நான். சிரிச்சுக்கிட்டே ஓடிப்போய்ப் பெரியவங்ககிட்டச் சொன்னதும் நான்தான். அன்னிக்கு அவன் வாங்கின அடியும், மறுநாள் மொட்டை அடிச்சு உட்கார வச்சதும் இன்னும் என் கண்ணுக்குள்ளே இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சுக் காலையில் பள்ளிக்கூடம் போனவன் திரும்பி வரவே இல்லை. சின்னம்மா இன்னும் ரேஷன் கார்டில் அவன் பேரை எடுக்க விடல. அவன் எதுக்காகக் கட்டினான்? விளையாட்டுக்கா, ஆசைக்கா, மனசே அப்படியா? எங்களில் ஒருத்தரும் அவனைக் கேட்கல. கேட்டிருந்தா வீட்டிலேயே இருந்திருப்பான்.

இப்ப காலம் மாறியிருக்கு. 2008-லேயே நம்ம தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்திருச்சு. நான் ஆணா பெண்ணா என்கிறதை அவங்கவங்களே சொல்லலாம்னு 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்திருக்கு. திருநங்கையும் மணமகள்தான்னு 2019-ல் நம்ம மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொல்லியிருக்கு. டவுன் பஸ்ஸில் நம்மளை மாதிரியே அவங்களுக்கும் டிக்கெட் இல்லை. அடையாள அட்டை, உதவி பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம்.

ஆனால் சட்டம் வாசல் வரைக்கும்தான் வரும். வீட்டுக்குள்ளே நாமதான் இருக்கோம். அதனால் அக்கா தங்கச்சிங்களே, உங்க பிள்ளை சேலை கட்டி நின்னா கையை ஓங்காதீங்க. கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போகாதீங்க. பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்காதீங்க. பக்கத்தில் உட்கார வச்சு, "ஏன்ப்பா, உனக்கு இது பிடிச்சிருக்கா?"ன்னு கேளுங்க. அவன் சொல்ற பதிலைக் கடைசி வரைக்கும் கேளுங்க.

எங்க சின்னம்மா வீட்டுப் பெட்டியில் அந்த ஊதாச் சேலை இன்னும் இருக்கு. அதைக் கட்டிக்கிட்டே அவன் திரும்பி வந்தாலும், முதல் ஆளா வாசலில் ஆரத்தித் தட்டோடு நான் நிற்பேன்.