பழகிய பேனா

 

பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நடைபெறும் இக்கூட்டத்தில் ஒரு கவிதை நூலைப் பற்றியோ ஒரு கவிஞரைப் பற்றியோ நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். செயலாளர் அவர்கள் எனக்கு இட்ட கட்டளை வேறு. இவ்வட்டத்தின் கூட்டக் குறிப்பேட்டை முதற்கூட்டம் தொடங்கி எழுதி வருபவன் நான். "எல்லோரும் கையில் அகப்பட்டதைக் கொண்டு எழுதுகிறோம். நீங்கள் மட்டும் மைப்புட்டியும் துணித்துண்டுமாக வருகிறீர்களே, அந்தக் கதையைச் சொல்லுங்கள்" என்றார். கதை சற்று நீளமானது. அதில் நான் இழைத்த பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று துணிந்தே வந்திருக்கிறேன்.

1968ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்பு வரை சிலேட்டும் பலப்பமும், பிறகு பென்சிலும்தான். ஆறாம் வகுப்புக்குப் போகிறவன் பேனாவால் எழுத வேண்டும் என்பது அக்காலத்து வழக்கம். பூணூல் போடுவதற்கும் காது குத்துவதற்கும் நாள் பார்ப்பதுபோல, என் தந்தையார் ஒரு நல்ல நாள் பார்த்து என்னைக் கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றார். இரண்டேகால் ரூபாய்க்கு ஒரு கறுப்புப் பேனா வாங்கித் தந்தார். அதன்மேல் எந்த நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. மூடியில் ஒரு பித்தளைக் கிளிப். கழுத்தைத் திருகிக் கழற்றிவிட்டு, தலையில் ரப்பர்க் குமிழ் உடைய கண்ணாடிக் குழாயால் உடற்குழலுக்குள் மையை நேரே ஊற்ற வேண்டும். உள்ளே குழாயும் இல்லை, பையும் இல்லை. பேனாவே மைக்கூடு. இன்று வெளிநாட்டு ஆர்வலர்கள் 'ஐ டிராப்பர்' என்று சொல்லிச் சிலாகிக்கும் முறை இதுதான். எங்களுக்கு அதைத் தவிர வேறு முறை தெரியாது.

அந்தப் பேனா ஒழுகும். அக்காலத்தில் எந்தப் பேனாதான் ஒழுகவில்லை! என் பள்ளிச் சட்டைகள் அனைத்திலும் இடப்பக்கப் பையின் அடியில் ஒரு நீல வட்டம் இருந்தது. ஆடையில் மை பட்டதற்காக அம்மாவிடம் வாங்கிய வசவுகளைத் தொகுத்தால் அதுவே ஒரு மலராகும். ஒழுகுவதன் காரணம் எனக்கு நெடுங்காலத்திற்குப் பின்னரே விளங்கிற்று. மை நிறைந்திருக்கும்போது அது ஒழுகுவதில்லை. பாதிக்கும் கீழே குறைந்த பிறகுதான் தொல்லை. காலியான இடத்தைக் காற்று நிரப்புகிறது. கைச்சூடு பட்டதும் அக்காற்று விரிந்து, கீழே உள்ள மையை வெளியே தள்ளுகிறது. கட்டுரையின் நடுவே பொட்டென்று ஒரு துளி விழுவது அதனால்தான். ஆக, மை தீரப்போகிறதே என்று சிக்கனமாக எழுதியவனுக்குத்தான் தண்டனை. நிரம்ப ஊற்றியவன் தப்பித்தான்.

நிப் கீறினால் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரைதான் எங்கள் சாணைக்கல். தரையில் எட்டு எட்டாகப் போட்டுத் தேய்ப்போம். மை இறங்கவில்லையென்றால் சவரபிளேடை நிப்பின் பிளவுக்குள் செருகி இழுப்போம். ஒருவன் மை தீர்ந்து தவித்தால் அடுத்தவன் தன் பேனாவிலிருந்து நான்கு சொட்டு எண்ணி விடுவான். மறுநாள் அதை எண்ணித் திருப்பித் தரவேண்டும். சரஸ்வதி பூசையன்று புத்தகங்களுக்கு மேலே பேனாவைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்துவிடுவோம். அன்று முழுவதும் எழுதக்கூடாது என்ற கட்டளையைப்போல் நாங்கள் மகிழ்ந்து கடைப்பிடித்த கட்டளை வேறொன்றில்லை.

இனி, என் தந்தையாரின் பேனாவுக்கு வருகிறேன். அவர் ஒரு நெல் அரவை ஆலையில் கணக்கர். பச்சையும் கறுப்பும் அலையலையாகக் கலந்த எபோனைட்டுப் பேனா ஒன்றை வைத்திருந்தார். நாள்வழி, பேரேடு எல்லாம் அதில்தான். வீட்டில் அதை எவரும் தொடக்கூடாது. ஒருமுறை அவர் குளிக்கச் சென்றிருந்தபோது எடுத்து என் பெயரை எழுதிப் பார்த்தேன். திரும்பி வந்தவர் பேனாவை மூடும்போதே கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. "பேனா ஒரு கைக்குத்தான்டா பழகும். உன் பேனாவை நீ பழக்கிக்கொள்" என்றார். இது பெரியவர்களின் பிடிவாதம் என்று அன்று எண்ணினேன்.

அவருடைய கையெழுத்து அழகானது என்று சொல்லமாட்டேன். நெருக்கமாகவும் சற்று இடப்பக்கம் சாய்ந்தும் இருக்கும். ஆனால் ஓர் எழுத்து மட்டும் பார்க்கத் தெவிட்டாது. அது பழைய 'லை'. இக்கூட்டத்தில் உள்ள இளைஞர்கள் அதை எழுதியிருக்க மாட்டார்கள். இணைக்கொம்பை முன்னே நிறுத்தாமல், எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவைத் தூக்கி எழுதுவோம். ணை, லை, ளை, னை நான்குக்கும் அதுவே வடிவம். தந்தை பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளுள் சிலவற்றைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டபோது அந்தத் துதிக்கை மறைந்தது. நான் 1979இல் தொடக்கப்பள்ளி ஆசிரியனாகப் பணியில் சேர்ந்தவன். குழந்தைகளுக்கு முதல் நாள் தொட்டே புதிய 'லை'யைக் கற்பித்தேன். அந்தச் சீர்திருத்தம் சரியானது என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. அச்சுக் கோப்பவருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் அது ஒரு சுமையை இறக்கி வைத்தது. ஆனால் ஆலைக் கணக்கரின் பேரேட்டில் ஆலை, விலை, தவணை ஆகிய மூன்று சொற்களும் பக்கத்துக்குப் பத்து முறையாவது வரும். அத்தனை துதிக்கைகளும் மெல்லிய கோடாக மேலேறி, வளைவில் தடித்து, மீண்டும் மெலிந்து இறங்கும். அவர் இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை. என் கை மாறிவிட்டது.

1986இல் அவர் காலமானார். காரியங்கள் முடிந்த பின், அந்தப் பேனா என்னிடம் வந்தது. மை ஊற்றி எழுதினேன். கீறிற்று. மேல்நோக்கி இழுக்கும் கோடுகளில் தாளைப் பறித்தது. சில இடங்களில் மை இறங்காமல் வெள்ளையாக விட்டது. நிப் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். சிமெண்டுத் தரையில் தேர்ச்சி பெற்ற கை அல்லவா? நுண்ணிய உப்புத்தாளை வாங்கிவந்து எட்டுப் போட்டேன். பின்னர்ப் பழுப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றினேன். கால்மணி நேரத்தில் பேனா வெண்ணெயாய் வழுக்கிற்று. தந்தையின் பேனாவுக்கு உயிர் கொடுத்துவிட்டதாகப் பெருமை கொண்டேன்.

சில வாரங்களுக்குப் பின் அவருடைய கடைசி நாள்வழி ஏடு ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதே பேனாவால் 'விலை' என்று பழைய முறையில் எழுதிப் பார்த்தேன். வடிவம் வந்தது. ஆனால் தடிப்பும் மெலிவும் வரவில்லை. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே பருமன். இருபது முறை எழுதினேன். இருபதும் அப்படியே.

கும்பகோணத்தில் அப்போது பேனா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு கடைவாசலில், கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேனா பாய் என்றே ஊரார் அழைத்தனர். அவரிடம் கொண்டுபோனேன். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தவர், "யார் தேய்த்தது?" என்றார். சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இது கெட்ட நிப் இல்லை. பழகின நிப்" என்றார்.

நிப்பின் நுனியில் ஒரு கடுகின் சிறு பங்கு அளவுக்கு உலோக உருண்டை ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். இரிடியம் என்று அதற்குப் பெயர் வழங்கினாலும் ஆஸ்மியம், ருத்தீனியம் போன்ற கடினமான உலோகங்களின் கலவையே பெரும்பாலும் அது. அவ்வளவு கடினமானதும் ஆண்டுக்கணக்கில் தாளில் உராய்ந்தால் தேயும். எழுதுபவர் பேனாவை எந்தச் சாய்வில் பிடிக்கிறாரோ அந்தச் சாய்வில் தேய்ந்து, அங்கே ஒரு சிறு தட்டைமுகம் உண்டாகும். அந்தத் தட்டைமுகத்தால் எழுதினால் ஒரு திசையில் கோடு தடிக்கும், மறுதிசையில் மெலியும். அதே பேனாவை வேறொருவர் வேறு சாய்வில் பிடித்தால் தட்டைமுகத்தின் விளிம்பு தாளில் படும், கீறும். என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆலையையும் விலையையும் எழுதி உண்டாக்கிய முகத்தைத்தான் நான் கால்மணி நேரத்தில் அழித்திருந்தேன். "திரும்பக் கொண்டுவர முடியாதா?" என்று கேட்டேன். "எடுக்கலாம், வைக்க முடியாது" என்று சொல்லிப் பேனாவைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

என்னைப் பேனா ஆர்வலன் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். இந்த ஆர்வம் பிறந்தது அந்தக் கடைவாசலில். மாலையில் பள்ளி விட்டதும் அவரருகே போய் உட்காரலானேன். ஏறத்தாழ மூன்றாண்டுகள். மீண்டும் ஒருமுறை அறியாமல் எதையும் அழித்துவிடக்கூடாது என்பதே அப்போதைய எண்ணம். நிப்பின் பிளவு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே வரவேண்டும் என்பதும், குறுகலான இடத்தை நோக்கி மை தானே ஏறிவரும் என்பதும், அடியில் உள்ள நாக்கின் வரிப்பள்ளங்கள் மிகுதியாக வரும் மையைத் தேக்கி வைக்கின்றன என்பதும் அங்கே கற்றவை. தங்க நிப்பைப் பற்றிய மயக்கமும் அங்கேதான் தெளிந்தது. தாளில் படுவது தங்கமன்று, நுனியிலுள்ள கடின உலோகமே. மையின் புளிப்புக்கு அரிக்கப்படாமல் இருப்பதே தங்கத்தின் முதற்பயன். செம்மையாகச் சீராக்கிய எஃகு நிப், சீராக்காத தங்க நிப்பை எளிதாக வெல்லும்.

பிறகு பேனாவைத் தேடி ஊர்களுக்குப் போனேன். சென்னைப் பாரிமுனை அருகே ஜெம் நிறுவனத்தில் காமா பேனாக்கள், திருவள்ளூரில் கடைசல் இயந்திரத்தில் கையால் கடையப்படும் ரங்கா பேனாக்கள், கோதாவரிக் கரையில் இராஜமுந்திரி, அதாவது இன்றைய இராஜமகேந்திரவரம். அங்கேதான் கோசூரி வெங்கட ரத்னம், காந்தியடிகளின் சுதேசி வேட்கையை ஏற்றுப் பேனா செய்தார். 1935இல் காந்தியடிகள் அவருக்கு நன்றி தெரிவித்து மடல் எழுதினார். எபோனைட் என்பது ரப்பருடன் ஏராளமான கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கிய பொருள். கடையும்போது அந்தக் கந்தக வாடை எழும். எனக்கு அது தந்தையின் சட்டைப்பை வாடை. என்னிடம் இன்று நாற்பத்து மூன்று பேனாக்கள் உள்ளன. மை ஊற்றி வைத்திருப்பவை மூன்று. எஞ்சியவை முறை வைத்து வரும். மை படாமலேயே பெட்டிக்குள் வைத்திருப்போரும் இருக்கிறார்கள். அவர்களைப் பேனா ஆர்வலர் என்பது, நெல்லை எண்ணிக்கொண்டிருப்பவனைச் சோற்றுப் பிரியன் என்பதுபோல.

கவிஞர்கள் நிறைந்த அவையில் மையைப் பற்றி ஒரு சொல். என் தந்தை எழுதியது நீலக்கறுப்பு மை. பழைய நீலக்கறுப்பு மைகளில் பெரும்பாலும் இரும்பு உப்பு கலந்திருக்கும். எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளோடு ஒன்றிவிடும். நான் மாணவப் பருவத்தில் எழுதிய கவிதைகள் ராயல் புளூவில் உள்ளன. ஒரே பரணில், ஒரே ஒழுகலில் நனைந்த இரண்டு கட்டுகளில், நெல் விலை தெளிவாக இருக்கிறது. என் கவிதை கரைந்துவிட்டது. இலக்கியத்துக்கு இழப்பு என்று யாரும் வருந்தவேண்டாம். ஆயினும் நல்ல வரி எழுதுகிறவர்கள் மைப்புட்டியின் மேல் எழுதியிருப்பதையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. சுவடி எழுதியோர், ஓலை பொத்துவிடுமென்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டார்கள். எழுதுகருவி எழுத்தை எவ்வளவு ஆள்கிறது என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது.

இறுதியாக, குறிப்பேட்டுக்கு வருகிறேன். செயலாளர் கேட்ட பேனா இந்தப் பச்சைப் பேனாதான். கும்பகோணத்துப் பெரியவர் அன்று அதைத் திருப்பித் தந்தபோது, பெட்டியில் வைக்காதே, எழுது என்றார். 1986 முதல் அதில்தான் பள்ளி வருகைப்பதிவேடு எழுதினேன், ஓய்வுக்குப் பின் இவ்வட்டத்தின் நூற்றுக்கு மேற்பட்ட கூட்டங்களின் குறிப்புகளை எழுதினேன். சென்ற மாதக் கூட்ட முடிவில் கையொப்பமிடுவதற்காக நம் பொருளாளர் அவர்கள் மேசைமேல் இருந்த இதை எடுத்தார். இரண்டு எழுத்து எழுதியதும் நிறுத்திவிட்டு, "ஐயா, உங்கள் பேனா தாளைக் கீறுகிறதே, பழுது பார்க்கக் கூடாதா?" என்றார். அவர் சட்டைப்பையிலிருந்து தம் பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டார். அன்றிரவு வீட்டுக்குப் போய், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் அந்த நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.