பொதுக் கணினியில் நம் மின்னஞ்சல்

கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ பஸ் ஏறிப் போய், இணைய மையத்துக் கணினியின் முன் அமர்கிறோம். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா என்ற கடிதம் வந்திருக்கவேண்டும். மின்னஞ்சலோ திறக்க மறுக்கிறது. கலங்கவேண்டாம். கடிதம் அந்தக் கணினியில் இல்லை. மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியில், எங்கோ தொலைவில், பத்திரமாக இருக்கிறது. 1996-இல் ஹாட்மெயில் தொடங்கிய காலத்திலிருந்தே இதுதான் முறை.

'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால், முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். மின்னஞ்சல் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அதற்குள் அடங்காவிட்டால் சான்றிதழை அது ஏற்காது. பொறுப்பாளரிடம் சொன்னால் தேதியைத் திருத்திவிடுவார். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால் மறைச்சொல்லைத் தட்டவே கூடாது; வேறு கணினிக்கு மாறுவோம்.

மறைச்சொல் தவறு என்கிறதா? 'கேப்ஸ் லாக்' விளக்கு எரிகிறதா பாருங்கள். நாமும் பலமுறை அங்கேதான் சறுக்கியிருக்கிறோம்!

எழும்போது திரையை மூடினால் போதாது. 'லாக் அவுட்' அழுத்தவேண்டும். இல்லையேல் அடுத்து உட்காருபவர் நம் கடிதத்தைப் படிக்கலாம், நம் பெயரில் எழுதவும் செய்யலாம். மறந்து பஸ் ஏறிவிட்டோமா? ஜிமெயிலானால், கைப்பேசியிலிருந்தே அந்தக் கணினியை வெளியேற்றிவிட்டு, மறைச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுவோம்.